வண்டியில் அம்மாவுக்கும் இடம்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்–சேய் நலத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கும் இளம் ஆய்வாளர்களுக்கு எங்கள் அறக்கட்டளை வழங்கும் நிதி உதவி கேட்டுத் தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது, தாயையும் அதே ஆம்புலன்ஸில் ஏற்றி, குழந்தையை அவர் மார்போடு அணைத்தபடியே கொண்டுபோவது பற்றிய தங்கள் ஆய்வுத் திட்டத்தை ஆர்வத்துடன் படித்தேன்.

எனினும், முனைவர் பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகளுக்குள் இருப்பவர்களே இந்த உதவிக்குத் தகுதியுடையவர்கள் என்பது விதி. தாங்கள் பட்டம் பெற்று ஏழாவது ஆண்டு நடக்கிறது. ஆகவே தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
திட்ட அலுவலர்

பி.கு.: நெட்டை, இது என் கையெழுத்துதான். தயவுசெய்து போன் பண்ணாதே. விண்ணப்பித்தவர்களோடு நாங்கள் போனில் பேசக் கூடாது. எதுவானாலும் எழுது.


ஜனவரி 14

மதிப்பிற்குரிய திட்ட அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் விதி புரிந்தது. தங்கள் வருத்தமும் புரிந்தது. நன்றி, வணக்கம்.

இவ்வளவோடு நிறுத்திக் கவரை ஒட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை.

அடியே வாத்து, ஏழாவது ஆண்டு என்று எழுத உனக்கு எப்படியடி மனசு வந்தது? விடுதியில் ஒரே அறையில் ஒரே மேஜை விளக்கில் என்னோடு படித்தவள் நீ. என் கல்யாணத்தன்று என்னைவிட அதிகமாக அழுது, மூக்கைச் சிந்தி, எல்லாப் போட்டோவையும் கெடுத்தவள். அந்த ஏழு வருஷத்தில் இரண்டு வருஷம் நான் எங்கே கிடந்தேன் என்று தெரிந்த நாலைந்து பேரில் நீயும் ஒருத்தி.

கோப்புகளுக்கு நடுவே மறந்துபோயிருக்கலாம் என்பதால் சொல்கிறேன். பட்டம் வாங்கிய கையோடு உண்டானேன். படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்றார்கள். இறங்கவில்லை. அப்படியும் பொடி அவசரப்பட்டு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டாள். சின்ன மருத்துவமனை. அவளைப் பார்த்துக்கொள்ளும் வசதி அங்கே இல்லை. ஒரு துண்டில் சுற்றி, நர்ஸ் மடியில் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பின்னாலேயே என் வீட்டுக்காரர் ஓடினார். நானும் வருகிறேன் என்று கேட்டேன். "வண்டியில இடம் இல்லைம்மா" என்றார்கள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே ஸ்ட்ரெச்சர் காலியாகக் கிடந்தது.

வண்டி போய்ச் சேர்ந்தபோது பொடியின் உடம்பு சில்லிட்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். குழந்தை டாக்டர் என்று நெற்றியில் எழுதாத குறையாக இருந்த எனக்கே என் பிள்ளையைப் பார்க்க மூன்றாம் நாள்தான் கொடுத்துவைத்தது. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அவளுக்கு எடை ஏற்றுவதே என் வேலை. உட்கார வைத்து, மூச்சைக் கவனித்து, பால் புகட்டி, மறுபடியும் மூச்சைக் கவனித்து.

இப்போது சொல். அந்தக் காலி ஸ்ட்ரெச்சரைப் பற்றிய கேள்வி எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு வருஷத்தில்தான். அதே இரண்டு வருஷத்தைக் காட்டி, கேள்வியைக் கேட்க உனக்குத் தகுதி இல்லை என்கிறீர்கள். தாய்மார்களைப் பற்றி ஆராய நிதி. தாயானவள் வந்து நின்றால் வயதாகிவிட்டது.

இங்கே என் துறைத் தலைவர் நல்லவர்தான். ஆனால் வெளியிலிருந்து நிதி வந்தால்தான் பாதி நாளை ஆராய்ச்சிக்கு விடுவாராம். இல்லையென்றால் முழு நேரமும் வார்டு. வார்டு எனக்குக் கசக்கவில்லை. ஆனால் சில்லிட்ட குழந்தைகளை வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டே இருப்பதற்கு, ஏன் சில்லிட்டு வருகிறார்கள் என்று ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டாமா?

போன் பண்ணாதே என்றாய். கவலைப்படாதே. உன் எண்ணையே அழித்துவிட்டேன்.

நெட்டை


ஜனவரி 23

நெட்டை,

உன் கடிதம் கோப்பில் இருக்கிறது.

விண்ணப்பித்தவர்கள் எழுதும் எல்லாக் கடிதத்தையும் கோப்பில் சேர்க்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இதை முன்கூட்டியே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சேர்த்தேன். கோப்பு இயக்குநர் மேஜைக்குப் போனது. அவர் எதையும் மேலோட்டமாகப் படிக்கிற ஆள் இல்லை. மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாருங்க இந்த வாத்து?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன்.

பத்து மாதமாக இந்த அலுவலகத்தில் என்னை எல்லோரும் 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலம் முடிந்தது. நேற்று கணக்குப் பிரிவில் யாரோ மெல்ல 'க்வாக்' என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போடும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நீ நினைத்துக்கொள்வது உன் இஷ்டம். நான் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் சுற்று விண்ணப்பங்கள் இவை. விதியைத் தாண்டி என் தோழியின் விண்ணப்பத்தை உள்ளே தள்ளியிருந்தால் அது உனக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். அதனால் தள்ளவில்லை. இதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு வேலை செய்தேன். ஆண்டுக் கணக்கு ஒத்துவராமல் நாங்கள் ஒதுக்கிவைத்த விண்ணப்பங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒருத்தர் விடாமல் எல்லோரும் பெண்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அதற்குப் பக்கத்தில் ஒரே மாதிரியான வரி: பிரசவம், குழந்தை வளர்ப்பு.

இயக்குநரிடம் காட்டினேன். விதியை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை, ஆலோசனைக் குழுவிடம்தான் இருக்கிறது என்றார். குழு அடுத்த மாதம் கூடுகிறது. நீ என் தோழி என்பதையும் அவரிடம் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் விண்ணப்பத்தைப் பற்றி இனி எங்கேயும் நான் வாய் திறக்க முடியாது. விதியைப் பற்றிப் பேசலாம்.

எனவே எனக்கு ஒரு கடிதம் வேண்டும். குழுவின் முன்னால் படிக்கத்தக்க கடிதம். 'அடியே' இல்லாமல். மூக்குச் சிந்தின கதை இல்லாமல்.

வாத்து
(இனி மறைத்து என்ன பயன்)


பிப்ரவரி 2

வாத்து,

கடிதம் இத்துடன் இருக்கிறது. நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் எங்கேயாவது ஓர் 'அடியே' நுழைந்துவிட்டது. கடைசியில் அவரைப் படிக்கச் சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். "கோபம் நல்லா இருக்கு, வாக்கியம்தான் முடியவே மாட்டேங்குது" என்றார். என் கோபத்தைப் பற்றி இவ்வளவு பாராட்டாக அவர் பேசியதே இல்லை.

உனக்குச் சங்கடம் உண்டாக்கிவிட்டேன் என்பது தெரிகிறது. கோப்பு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாத்து என்று எழுதியிருக்க மாட்டேன். வேறு ஏதாவது எழுதியிருப்பேன், அதைவிட மோசமாக.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இது கோப்புக்கு அல்ல, ஆனாலும் சேர்த்துக்கொள். மத்தியானம் ஒரு குழந்தை வந்தது. ஒரு கையில் அடங்கிவிடும். வெளியே நல்ல வெயில், அது மட்டும் குழாய்த் தண்ணீரைப்போல் குளிர்ந்திருந்தது. கூடவே அப்பா. இளைஞர், பெயின்ட் அடிக்கிற வேலை, முழங்கை வரை வெள்ளைப் பொட்டுகள். சூடேற்றும் வார்மரின் கீழ் குழந்தையைப் போட்டு நாங்கள் ஓடியாடிக்கொண்டிருந்தபோது அவர் கதவருகே போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுக்காதீர்கள் என்று நர்ஸ் அதட்டினாள். "என் சம்சாரம் இன்னும் மூஞ்சியே பாக்கலைங்க" என்றார். நர்ஸ் நகர்ந்து அவருக்கு வழிவிட்டாள்.

குழந்தை தேறிவிட்டது. அதன் அம்மா இன்னும் வந்து சேரவில்லை.

உன் எண்ணை அழித்தேன் என்று சொன்னேன் இல்லையா? அது எனக்கு மனப்பாடம் என்பது அழித்த பிறகுதான் தெரிந்தது.

நெட்டை


பிப்ரவரி 20

நெட்டை,

குழு நேற்றுக் கூடியது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் கடைசிப் பத்திக்குத் தாவாதே.

நீள மேஜை, எட்டுப் பேர், ஏசி அளவுக்கு மீறி. விதி பற்றிய பேச்சு பட்டியலில் கடைசியாக இருந்தது. அதற்குள் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். உன் கடிதத்தைப் பெயர் சொல்லாமல் படித்தேன். காலி ஸ்ட்ரெச்சர் வந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் சறுக்கியது. தண்ணீர் குடிப்பதுபோல் சமாளித்தேன்.

புள்ளியியல் பேராசிரியர் முதலில் பேசினார். பிரசவத்துக்கு விலக்குத் தந்தால் நாளை ஒருவர் வீடு கட்டினேன் என்பார், இன்னொருவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பார், எங்கே கோடு போடுவது என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவருக்குக் கோடு வேண்டும். அடுத்துப் பேசியவர்தான் என்னைக் கலக்கினார். மகப்பேறு மருத்துவப் பேராசிரியை. குழுவிலேயே கண்டிப்பானவர். அவர் நம் பக்கம் நிற்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். "எங்களுக்கெல்லாம் யாரும் வருஷத்தைக் கழிச்சுக் கொடுக்கலை. நாங்க படிக்கலையா, எழுதலையா?" என்றார். மேஜையைச் சுற்றித் தலைகள் அசைந்தன. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய முறை இல்லை. ஆனாலும் எழுந்துவிட்டேன். ஒதுக்கிவைத்த விண்ணப்பங்களைக் கட்டோடு மேஜை நடுவில் வைத்தேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "பிரசவத்தைப் பத்தி ஆராயத்தான் நாம நிதி கொடுக்கறோம். பிள்ளை பெத்தவங்களை வெளியில நிறுத்திட்டு யாரை வச்சு ஆராயப் போறோம்?" என்று கேட்டேன்.

பேராசிரியை கட்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நிதானமாகத்தான் புரட்டினார். கடிகாரம் பார்த்தவர்கள்கூடப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "என் ரெண்டாவது பையன் பொறந்து பன்னெண்டாம் நாள் நான் வேலைக்கு வந்தேன். அதைப் பெருமையா இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னொருத்திக்கு அதை விதியா வைக்க எனக்கு மனசில்லை."

அவரே கை தூக்கினார். அதற்குப் பிறகு கோடு போடுவது சுலபமாகிவிட்டது; புள்ளியியல் பேராசிரியரே போட்டுக் கொடுத்தார். பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் போன காலம் ஆண்டுக் கணக்கில் சேராது. வேலையை விட்டுக் குழந்தை பார்த்துக்கொண்ட அப்பாக்களுக்கும் இது பொருந்தும். இந்தச் சுற்றிலிருந்தே.

கொண்டாடுவதற்கு முன் இன்னொன்றையும் கேட்டுக்கொள். ஒதுக்கப்பட்ட எல்லோருக்கும் இன்று கடிதம் போகிறது. இந்த வாய்ப்பு உனக்கு மட்டும் வரவில்லை. கூட்டம் பெரிதாகிவிட்டது. கட்டைப் புரட்டிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர்களில் யாரும் சாதாரணமானவர்கள் இல்லை.

வாத்து


மார்ச் 3

வாத்து,

கடைசிப் பத்திக்குத் தாவவில்லை. ஆனால் நின்றுகொண்டே படித்தேன். பேராசிரியை கை தூக்கிய இடத்தில் சமையலறையில் இருந்த மாமாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். என் மாமனாரைத் தெரியுமே, கடன் கேட்பதும் நிதி கேட்பதும் அவருக்கு ஒன்றுதான்; ஆரம்பத்திலிருந்தே முகம் சுளித்துக்கொண்டிருந்தார். இப்போது கரண்டியோடு வந்து நின்று, "உன் சிநேகிதி பரவாயில்லையே, ஆளு குள்ளமா இருந்தாலும் குரல் இருக்கு" என்றார். அவரிடமிருந்து இது பெரிய விருது.

கூட்டம் பெரிதாகட்டும். உண்மையைச் சொன்னால் முதல் நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நான் சண்டை போட்டுத் திறந்த கதவில் எல்லோரும் என்னை இடித்துக்கொண்டு நுழைகிறார்களே என்று. அப்புறம் யோசித்தேன்: பிரசவ ரத்தப்போக்கைப் பற்றியோ, தாய்மாரின் மனச்சோர்வைப் பற்றியோ ஒருத்தி எத்தனை வருஷம் ஒரு கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தோற்றாலும் நல்ல ஆட்களிடம் தோற்கலாம்.

தோற்கிற உத்தேசம் இல்லை. தினமும் பொடியை உட்கார வைத்து நேர்காணலுக்குப் பழகுகிறேன். அவள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வண்டியில சைரன் போடுவீங்களா?"

நெட்டை


மார்ச் 30

நெட்டை,

நேர்காணல் முடிந்த மறுநாள் இதை எழுதுகிறேன். முடிவு எனக்குத் தெரியாது; தெரிந்தாலும் சொல்லக் கூடாது. ஆகவே அந்த அறையைப் பற்றி எதுவும் இல்லை. பக்கத்து அறையைப் பற்றி மட்டும்.

உன் விண்ணப்பம் இருப்பதால் நான் உள்ளே உட்காரக் கூடாது என்பது உனக்குத் தெரியும். எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று இயக்குநர் யோசித்துக்கொண்டிருந்தபோதே வரவேற்பறையில் இரண்டு தொட்டில் கூடைகள் வந்து இறங்கின. அப்புறம் ஒரு தள்ளுவண்டி. அப்புறம் ஒன்றரை வயசில் ஒரு பையன், வந்த வேகத்தில் ஃபைல் அலமாரிக்குள் ஏறினான். விதியை மாற்றிய நாங்கள், விதி மாறினால் யார் யார் வருவார்கள் என்று யோசிக்கவில்லை. கூட்ட அறையைக் காலி செய்து, நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

நீ பொடியோடு வந்தாய். உன் அவருக்குப் பரீட்சை மேற்பார்வை, மாமாவுக்குக் காய்ச்சல் என்று பிறகு பொடி சொல்லித்தான் தெரிந்தது. நீ வாசலில் நின்றாய். நான் உள்ளே ஒரு கையில் பால் புட்டியோடு நின்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறோம். பேசக் கூடாது. நீ பொடியின் கையை எடுத்து என் கையில் வைத்தாய். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். உன் தோள்பட்டை குலுங்கியது. சிரித்தாயா அழுதாயா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

பொடி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதான் வாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நடந்து காட்டுங்க" என்றாள். விண்ணப்பித்தவரோடு பேசக் கூடாது என்றுதான் விதி. விண்ணப்பித்தவரின் மகளுக்கு நடந்து காட்டக் கூடாது என்று எங்கேயும் இல்லை. நடந்து காட்டினேன். அலமாரிப் பையன் கீழே இறங்கி எனக்குப் பின்னால் நடந்தான். பொடி அவனுக்குப் பின்னால். மூன்றாவது சுற்றில் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பேராசிரியை வந்தார். தேநீர் இடைவேளையாம். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கூடையில் அழுதுகொண்டிருந்த ஒன்றைப் பழக்கப்பட்ட கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க நடங்க, இதை நான் பாத்துக்கறேன்" என்றார்.

இது கோப்பில் சேராது.

வாத்து


ஏப்ரல் 8

வாத்து,

சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அந்த வரிசையில்.

நீ கேட்கவில்லை, கேட்கவும் முடியாது, ஆனாலும் சொல்கிறேன். ஐந்து பேர். முதல் கேள்விகள் எல்லாம் பழகின கேள்விகள். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அப்புறம் அந்தப் பேராசிரியை, "பாதி வழியில தாய்க்கு ரத்தப்போக்கு ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க? ஒரு நர்ஸ், ரெண்டு நோயாளி" என்றார். அந்தக் கேள்விதான் எனக்கே பயமான கேள்வி. அழகான பதில் ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலை மேடம். அதனாலதான் முதல் வருஷம் சுகப்பிரசவமான, உடம்பு நிலையா இருக்கிற அம்மாக்களை மட்டும் ஏத்தறேன். எல்லாரையும் ஏத்தலாம்னு நான் சொல்ல வரலை. யாரை ஏத்தலாம், யாரை ஏத்தக் கூடாதுன்னு கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வீடு வரும் வழியெல்லாம் பொடி உன்னைப்போல் நடந்துகொண்டு வந்தாள். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். தோற்ற ஆள் மாதிரியே எனக்கு இல்லை.

நெட்டை


ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

இத்துடன் இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. அதில் நான் கையெழுத்திட முடியாது. ஆனால் கவரை ஒட்டுவதற்கு எனக்குத் தடை ஏதும் இல்லை. ஒட்டினேன். தபால் பெட்டிவரை நானே நடந்து போய்ப் போட்டேன். வழியில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது, அதில் இருப்பது எனக்கு வரிக்கு வரி தெரிந்திருந்தும்.

இந்தச் சுற்றில் தேர்வானவர்களில் இன்னும் இரண்டு பேர் ஒதுக்கிவைத்த கட்டிலிருந்து வந்தவர்கள். ஒருத்தி அலமாரிப் பையனின் அம்மா. பிரசவ ரத்தப்போக்கு பற்றி ஆராயப்போகிறாள். உன் பயமான கேள்விக்கு அவளிடம் ஏதாவது இருக்கலாம், எழுதிக் கேள்.

மூன்று வருஷத்துக்கு உன் பாதி நாள் உன்னுடையது. துறைத் தலைவரிடம் போய்ச் சொல். நடந்து போகாதே, ஓடு.

வாத்து


செப்டம்பர் 16

வாத்து,

நேற்று முதல் அம்மா ஏறினாள்.

நாலு மாதமாக வண்டியோடுதான் குடித்தனம். ஸ்ட்ரெச்சரின் முதுகுப் பக்கத்தைச் சாய்மானமாக நிறுத்தி, இரண்டு பட்டை வைத்து, மணல் மூட்டையைக் குழந்தையாகக் கட்டிக்கொண்டு நானே எத்தனையோ தடவை போய்வந்தேன். ஓட்டுநர் முதலில் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார். பிறகு மூட்டை சரிகிறதா என்று கண்ணாடியில் பார்க்க ஆரம்பித்தார். போன வாரம் பள்ளத்தில் வண்டி குதித்தபோது, "குழந்தை பத்திரமா டாக்டர்?" என்று கேட்டார். மணல் மூட்டையைத்தான் கேட்டார்.

நேற்றுக் காலை, பொடி பிறந்த அந்தச் சின்ன மருத்துவமனையிலிருந்து அழைப்பு. பஸ் டிப்போவில் டிக்கெட் கணக்கு பார்க்கிற பெண். தலைப்பிரசவம், ஏழரை மாதம், சுகப்பிரசவம். அவள் நிலையாக இருந்தாள். மூச்சு, இதயத் துடிப்பு என்று குழந்தையும் நாங்கள் வகுத்த எல்லைக்குள் இருந்தது. எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் கேட்டேன். முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "என்னை விட்டுட்டுப் போறதா இருந்தீங்களா முதல்ல?" என்று கேட்டாள். அப்புறம் பேனாவை வாங்கிச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

சாய்ந்து உட்கார வைத்தோம். குழந்தையை அவள் மார்பில் வெறும் உடம்போடு வைத்து, தொப்பி போட்டு, இழுத்தால் நீளும் துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினோம். மேலே ஒரு போர்வை. பக்கத்தில் நர்ஸ். எதிரே நான், குழந்தையின் சூட்டையும் ஆக்சிஜனையும் காட்டுகிற கருவியைப் பார்த்தபடி. சற்றைக்கு ஒருமுறை அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதுதான் ஆராய்ச்சி.

வண்டி கிளம்பியதும் அவள் குழந்தையிடம் பேச ஆரம்பித்தாள். கொஞ்சல் ஒன்றும் இல்லை. வழி சொன்னாள். அவளுக்கு எல்லாத் தடமும் அத்துப்படி அல்லவா. சாய்ந்தபடியே, வண்டி திரும்புகிற திருப்பத்தை வைத்தே எந்த இடம் என்று கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இது மார்க்கெட். இங்க எப்பவும் நிக்கும், பயப்படாதே." "இப்ப வலது பக்கம் சாயும் பாரு, தியேட்டர் முக்கு." முன்னால் ஓட்டுநர் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஓர் இடத்தில் அவள் தடுமாறியபோது, "பெட்ரோல் பங்க் தாண்டிட்டோம்மா, அடுத்தது ஸ்கூல்" என்று குரல் கொடுத்தார். "ஸ்கூலாம்டா. உனக்கு இன்னும் நாள் இருக்கு" என்றாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போய்ச் சேர்ந்தோம். வார்டில் குழந்தையை வாங்கிய நர்ஸ் வழக்கம்போல் வார்மரைப் போடத் திரும்பினாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். "இவன் நல்லாத்தானே இருக்கான்?" என்று என்னைப் பார்த்தாள். என்னவோ நான் வேண்டுமென்றே தவறான குழந்தையைக் கொண்டுவந்துவிட்டதைப்போல.

ஒரு குழந்தையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. அது எனக்குத் தெரியும், உங்கள் புள்ளியியல் பேராசிரியருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இன்னும் எத்தனையோ பேரை ஏற்ற வேண்டும். சிலரை இறக்க வேண்டியும் வரும். ஆனால் நேற்று நான் என் அறைக்குத் திரும்பி மேஜையில் உட்கார்ந்து, ஒரு காரணமும் இல்லாமல் காலை ஆட்டிக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும், முதல் அறிக்கை வரும்போது உங்கள் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். சூட்டைக் குறிக்கிற தாளில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. கருவி வேலை செய்தது, பேனாவும் எழுதியது. நான்தான் குறிக்கவில்லை. பிறகு ஏதோ ஓர் எண்ணைப் போட்டு நிரப்பவும் மனசில்லை. காரணம் கேட்டால், ஆய்வாளர் அப்போது வேலையில்தான் இருந்தார் என்று சொல். வண்டி பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. அவள் போர்வையைக் கொஞ்சம் விலக்கி, "எட்டிப் பாரு, ஆறு" என்றாள். பையனுக்குக் கண் திறக்கவில்லை. நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

நெட்டை